சொந்தத் தளத்துக்கு வேர்ட்பிரஸா, ஹியூகோவா?

பகலில் வேலை, இரவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் சொந்த இணையத்தளம். இப்படி இருப்பவர்கள் பலர் தடுமாறும் இடம் இது: 2003-இல் வந்த வேர்ட்பிரஸா, 2013-இல் வந்த ஹியூகோவா? இரண்டும் இணையத்தளம் அமைக்கும் மென்பொருள்கள். வேர்ட்பிரஸ் சர்வரில் ஓடிப் பக்கங்களை உருவாக்கும்; ஹியூகோ பக்கங்களை முன்கூட்டியே கோப்புகளாகச் செய்து தந்துவிடும்.

செலவு
வேர்ட்பிரஸ்: மென்பொருள் இலவசம். ஆனால் பிஎச்பி என்ற நிரல்மொழியும் டேட்டாபேஸும் (தரவுத்தளம்) ஓடும் சர்வர் வேண்டும்.
ஹியூகோ: வெளிவருவது பிரவுசர் நேரடியாகக் காட்டும் வெறும் எச்டிஎம்எல் கோப்புகள். இத்தகைய தளங்களுக்கு இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் இலவசமாக வைக்கலாம்.

பராமரிப்பு
என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டியது இங்கேதான்.
வேர்ட்பிரஸ்: மையமென்பொருள், தீம் (தளத்தின் தோற்றம்), பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) எல்லாவற்றுக்கும் அப்டேட் வந்துகொண்டே இருக்கும். கவனிக்காமல் விட்ட பழைய பிளகின்தான் தாக்குபவர்களுக்கு வசதியான வாசல். அலுவலகத்தில் வேலை நெருக்கும்போது இது உண்மையான சுமை.
ஹியூகோ: தளத்துக்கென்று சர்வரில் நிரலோ டேட்டாபேஸோ இல்லை. பல மாதம் தொடாவிட்டாலும் தளம் அப்படியே நிற்கும். ஹியூகோவைப் புதுப்பிக்கும்போது பழைய தீம் முரண்டு பிடிக்கலாம். அதனால் எந்தப் பதிப்பில் வேலை செய்கிறது என்று குறித்து வையுங்கள்.

எழுதும் வசதி
வேர்ட்பிரஸ்: பிரவுசர் போதும், கைப்பேசியிலும் எழுதலாம்.
ஹியூகோ: மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதி, கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் என்ற கருவி வழியாக ஏற்ற வேண்டும்.

கருத்துப் பெட்டி
வேர்ட்பிரஸில் கூடவே வருகிறது. ஹியூகோவுக்கு வெளிச்சேவை தேவை.

வீட்டில் வேறொருவரும் எழுதப் போகிறார், கடை மாதிரி ஏதாவது வைக்கும் எண்ணமும் உண்டு என்றால் வேர்ட்பிரஸ். நீங்கள் மட்டும், குறிப்புகளும் சின்னச் சின்னச் செய்முறைகளும் போடத்தான் என்றால் தயங்காமல் ஹியூகோ.