தெர்மல் கேமரா: 9 ஹெர்ட்ஸா, 60 ஹெர்ட்ஸா?

சூட்டைப் படமா காட்டுற இந்த கேமராவ அமெரிக்காவுல இருக்கிற நம்ம பசங்க வாங்குறதுக்கு முன்னாடி இதுலதான் குழம்புறாங்க. ஹெர்ட்ஸ்னா ஒரு செகண்டுக்கு எத்தனை படம் காட்டுதுங்கிற கணக்கு.

சட்டம்: ரெண்டையும் அங்க வாங்கி வெச்சுக்கலாம், சிக்கலே நாட்டை விட்டு வெளிய கொண்டு போறப்பதான்.
60: பொதுவா அமெரிக்க வணிகத்துறையோட ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல்ல 6ஏ003-ங்கிற பிரிவுல வரும், போற நாட்டைப் பொறுத்து லைசன்ஸ் வேணும்.
9: அதே பட்டியல்ல 6ஏ993-ங்கிற பிரிவு, பெரும்பாலான நாடுகளுக்கு லைசன்ஸ் வேண்டாம், ஆனா தடை போட்ட நாடுகளுக்கு இதையும் சும்மா எடுத்துட்டுப் போக முடியாது.

சூட்கேஸ்ல துணிக்கு நடுவுல வெச்சு ஊருக்குக் கொண்டு போனாலும் அது ஏற்றுமதிதான், தயவுசெஞ்சு இத லேசா எடுத்துக்காதீங்க, இருட்டுல பாக்க உதவுற நைட் விஷன் தொழில்நுட்பத்த அனுமதியில்லாம வெளிநாட்டுக்கு அனுப்புன வழக்குல 2007-ல ஐடிடிங்கிற பெரிய அமெரிக்கக் கம்பெனியே 10 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு.

படம்: 60-ல ஓடுற நாய் அப்படியே வழுக்கிட்டுப் போகும். 9-ல விட்டு விட்டுத் தாவும், கேமராவ வேகமா திருப்பினா கண்ணு வலிக்கும்.
விலை: 9 கம்மி, போன்ல சொருகுற மாதிரியே கிடைக்குது.

சுவர்ல ஈரம், ஃபியூஸ் பாக்ஸ்ல சூடு பாக்கணும், ஊருக்கும் எடுத்துட்டுப் போகணும்னா 9 போதும், சுவர் எங்கயும் ஓடப் போறதில்ல. ராத்திரி காட்டுல மான், நரி பாக்கணும்னா 60 வாங்குங்க, ஆனா லைசன்ஸ் விஷயம் தெளிவாகாம அத ஃப்ளைட் ஏத்தாதீங்க.