கலக்கிக்காகவே போகலாம்: காந்திபுரத்து இரவுக்கடை ஒன்று

கோவை காந்திபுரத்தின் சந்தொன்றில், பொழுது சாய்ந்த பிறகே அடுப்பு மூட்டும் இந்தச் சிறு கடையில் பரோட்டாவைவிட முட்டை வகைகளே மெச்சத்தக்கவை. கொங்கு வட்டாரத்தில் கலக்கி (அரைவேக்காட்டில் மடித்தெடுக்கும் முட்டை) கிடைக்காத பரோட்டாக் கடை அரிது என்றாலும், அதைப் பதம் தவறாமல் தருபவர்கள் குறைவு. இங்கே மாஸ்டர் எவர்சில்வர் டம்ளரில் முட்டையை உடைத்து, உப்பும் மிளகுத்தூளும் சிறிது சால்னாவும் விட்டு நுரை வர அடித்து, எண்ணெய் தடவிய சூடான கல்லில் ஊற்றிய மறுகணமே தோசைத் திருப்பியால் நான்கு புறமும் மடித்து எடுத்துவிடுகிறார். முட்டை இறுகுவதற்கு 70 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பமே போதும் என்பதால், அதைவிட மிக அதிகம் சூடான கல்லில் சில நொடி தாமதித்தாலும் அது வெறும் ஆம்லெட்டாகிவிடும். தட்டில் விழும்போது மேலே மெல்லிய தோல்போல் இறுகியும், பிய்த்தால் உள்ளே சால்னா மணத்தோடு குழைந்தும் இருக்கிறது.

ஆஃப்பாயில் பரவாயில்லை. சின்ன வெங்காயம் நிறையப் போட்ட கரண்டி ஆம்லெட் மட்டும் அடிப்பக்கம் கருகி வந்தது. நெருப்பை மட்டுப்படுத்தாமல் இதைச் செய்ய முடியாது. முழுதாக வேகாத முட்டை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஏற்றதல்ல. அவர்களுக்கு ஃபுல்பாயில் கேட்டு வாங்குவதே நல்லது. கலக்கியைப் பரோட்டாவுக்கு முன்பாகச் சொல்லிவிடாமல், பரோட்டா இலைக்கு வந்த பிறகு சொல்லுங்கள். ஆறினால் அதில் சுவையில்லை.