8 அடி ஃபோம் சர்ஃப் போர்டு: 8 மாதம் உப்புத்தண்ணீரில் போட்டுப் பார்த்தபின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சர்ஃபிங் செய்கிறவள் இல்லை, துண்டும் ஃபிளாஸ்க்கில் கட்டஞ்சாயாவுமாகச் சொத்தவிளை கடற்கரை மணலில் உட்கார்ந்திருக்கும் அம்மா. அலையில் ஏறுவது 14 வயது மகள். ஸ்டெஃபனி கில்மோர் என்றால் அவளுக்கு உயிர். ஆஸ்திரேலியக்காரி, 2007-ல் தொழில்முறைச் சுற்றுக்கு வந்த முதல் வருஷமே உலக சாம்பியன், 2022 வரை மொத்தம் எட்டு தடவை. சோறு போடும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

அதனால்தான் முதல் தடவை ஏமாந்தோம். வீடியோவில் கில்மோர் நிற்பது ஆறடிப் பக்கம் வரும் மெல்லிய ஃபைபர் போர்டு, அதே மாதிரிதான் வேண்டும் என்று அடம். ஒரு ஆன்லைன் கடையில் ‘புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் ஏற்றது’ என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். இரண்டு மாதத்தில் அவள் அதன்மேல் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மிதப்பு போதாது, தோள் வலிக்கக் கையால் துழாவி வேகம் எடுப்பதற்குள் அலை அடியில் நழுவிப் போய்விடும். போர்டின் மூக்கு தாடையில் இடித்து இரண்டு தையல் போட்டதுதான் மிச்சம். திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார்கள், இப்போது பரணில் கிடக்கிறது.

அப்புறம்தான் இந்த 8 அடி ஃபோம் போர்டு, 18,500 ரூபாய். “ஃபோமா? சின்னப்பிள்ளைக வெளையாட்டும்மா அது” என்று முகத்தைத் தூக்கினாள். அவள் சொன்ன கதையையே எடுத்து நீட்டினேன்: உன் கில்மோர் 10 வயதில் ஏறி நின்றது படுத்துக்கொண்டு போகிற பாடிபோர்டில்தானே, அது மட்டும் என்னவாம்? பதில் இல்லை. நீளமான பார்சல் என்பதால் வீடு வரை வரவில்லை, நாகர்கோவில் லாரி ஆபீஸில் இருந்து தம்பி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

மூன்று அங்குலத் தடிமன் இருப்பதால் தண்ணீரில் திண்ணை மாதிரி கிடக்கிறது. மூன்றாம் நாள், அலை உடைந்து நுரையாக வரும் இடத்தில், முட்டி நடுங்க எழுந்து நின்றாள், நாலு எண்ணுவதற்குள் விழுந்தாள். பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் போர்டைத் தட்டிப் பார்த்து, “கட்டுமரத்துக்கே நாலு தடி சேத்துக் கட்டணும் பிள்ளே, ஒனக்கு ஒத்தத் தடிதானா?” என்று சிரித்தார். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவரிடம் கேட்காமல் இப்போதும் அவளை இறக்குவதில்லை. ஆனி ஆடியில் போர்டு வீட்டோடு சரி. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்தாலும் அப்படித்தான், வானம் தெளிவாக, காற்றே இல்லாமல், எங்கோ தெற்கே கிளம்பிய அலை திடீரென்று கரையேறும். காலில் கட்டும் கயிறு போர்டு ஓடாமல் பிடிக்கும், ஆளைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம்.

குறைகள் இருக்கின்றன. அடியில் இருக்கும் மூன்று துடுப்புகளின் ஸ்க்ரூ மூன்றே மாதத்தில் துரு, குளச்சலில் ஸ்டெயின்லெஸ் வாங்கி மாற்றினோம். ஒரு மதியம் டெம்போ மேலேயே வெயிலில் விட்டதில் அடித்தகடு உப்பிக்கொண்டது, அது எங்கள் தப்பு. கடற்காற்றில் தூக்கிப்போனால் சுளகு மாதிரி ஆளையே சுற்றிவிடும். மேல்பரப்பு சொரசொரப்பு, வயிறு சிவந்துவிடுகிறது. சுடிதார் டாப் போட்டால் தண்ணீரில் சுருண்டு மேலே ஏறும், உடம்போடு ஒட்டியிருக்கும் முழுக்கை நீச்சல் சட்டை, ரேஷ் கார்டு என்பார்கள், கூடவே வாங்கிவிடுங்கள்.

2019-லிருந்து உலக சர்ஃப் லீக் போட்டிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத்தொகை என்று மகள் ஒருநாள் சொல்ல, முந்திரி ஆலையில் 20 வருஷம் வேலை பார்த்த என் அம்மா “அது எந்த ஊரு மக்களே?” என்று நிஜமாகவே கேட்டார்.

எடை தாங்குமா என்று கேட்பவர்களுக்கு: நான் 68 கிலோ. தரவரிசையில் ஐந்தாம் இடத்தில் இருந்த கில்மோர் ஒரே நாளில் நாலு பேரை வரிசையாக ஜெயித்து எட்டாவது பட்டம் வாங்கியபோது வயது 34, உனக்கு 38தானே, ஏறும்மா என்று தொல்லை பண்ணியதால் முட்டளவுத் தண்ணீரில் குப்புறப் படுத்துப் பார்த்தேன். தாங்கியது. எழுந்து நிற்கச் சொன்னாள். முதலில் எனக்கும் ஒரு ரேஷ் கார்டு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்.