தெள்ளுப்பூச்சியை எங்கே அடிப்பது: பிராணியின் உடலிலா, வீட்டுத் தரையிலா?

கணுக்காலைச் சுற்றி மூன்று நான்கு சிவப்புத் தடிப்புகள் தெரிந்தபோது கொசுக்கடி என்றுதான் நினைத்தோம். ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம் அது. வீட்டில் ஒரு நாய், இரண்டு பூனைகள், பிறந்து ஐந்து வாரமே ஆன ஒரு பூனைக்குட்டி. குட்டியின் வயிற்று முடியை விலக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் பொடி. அதனிடையே தட்டையான பழுப்புப் பூச்சி ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. அந்தப் பொடியை ஈரப் பஞ்சில் வைத்தால் செம்பழுப்பாகக் கரையும். அது தெள்ளுப்பூச்சி குடித்துக் கழித்த இரத்தம். வெறும் மண்ணாக இருந்தால் அப்படி நிறம் விடாது.

தெள்ளையும் உண்ணியையும் ஒன்றாக நினைத்து மருந்து வாங்குகிறவர்கள் பலர். உண்ணிக்கு எட்டுக் கால். கடித்த இடத்திலேயே ஒட்டிக்கிடந்து ஊதிப் பருக்கும். தெள்ளுக்கு ஆறு கால். விரலால் பிடிக்கப் போனால் துள்ளி மறையும். ஒன்றுக்கென்று வாங்கும் மருந்து மற்றொன்றைக் கொல்லும் என்பதற்கு உறுதியில்லை. மாட்டு உண்ணிக்கு அடிக்கும் அமிட்ராஸ் தெள்ளிடம் பெரிதாக வேலை செய்யாது. பூனைக்கோ அது ஆபத்து.

எந்த வழி நல்லது என்று ஒப்பிடுவதற்கு முன் ஒரு கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பிராணியின் மேல் நாம் காணும் வளர்ந்த தெள்ளுகள் மொத்தக் கூட்டத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். மீதி முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டுக்குள் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் வரை இடும். அவை வழவழப்பானவை, நாய் உடலை உதறினால் உதிர்ந்துவிடும். கூடவே அந்த இரத்தப் பொடியும் உதிர்கிறது. முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. புழு வெளிச்சத்தை விட்டு ஓடி, பாய்க்கு அடியிலும் சோபா இடுக்கிலும் தரை விரிசலிலும் புகுந்து, தூசி ஒட்டிய பிசுபிசுப்பான கூட்டைக் கட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டுக்குள் மருந்து எளிதில் புகாது. உள்ளே இருப்பது சில நாளிலும் வெளிவரலாம், மாதக்கணக்கில் காத்தும் கிடக்கலாம். அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்று, இவைதான் அதை எழுப்புகின்றன. பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே போனவுடன் காலில் மொய்ப்பதற்கு இதுவே காரணம்.

குளியலும் சீப்பும்

முதலில் எல்லோரும் செய்வது குளிப்பாட்டுவது. அன்றைக்கு மேலே இருப்பவை போகும். சோப்பு நீரில் தெள்ளு மூழ்கிச் சாகும். ஆனால் உடல் காய்ந்த பின் அங்கே பாதுகாப்பு எதுவும் மிச்சமில்லை. இரவு பழைய சாக்கில் படுத்தால் காலையில் புதிய கூட்டம் ஏறியிருக்கும். அதனால் குளியலை முழுச் சிகிச்சையாக நான் எண்ணுவதில்லை.

மிகச் சிறிய குட்டிகளின் கதை வேறு. பெரும்பாலான மருந்துகளை எட்டு வாரம் நிரம்பாத குட்டிக்குப் போடக்கூடாது. ஆனால் தெள்ளு அதிகமானால் இரத்தம் குறைந்தே குட்டி செத்துப்போகும். ஈறு வெளுத்திருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும். எங்கள் குட்டிக்கு அந்த மூன்று வாரமும் கைகொடுத்தது பேன்சீப்பும், பக்கத்தில் வைத்த ஒரு கிண்ணம் சோப்பு நீரும்தான். காலையும் மாலையும் சீவி, சிக்கியதை அந்த நீரில் முக்கினோம். பொறுமை கேட்கும் வேலை. அந்த வயதில் இதற்கு நிகரான பாதுகாப்பான வழி கிடையாது.

சொட்டு மருந்தா, மாத்திரையா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். ஃபிப்ரோனில் போன்ற சொட்டு மருந்தைப் பிடரியில், முடியை விலக்கித் தோலின் மேல் விடுகிறோம். அது தோலின் எண்ணெய்ப் பசையோடு பரவி ஏறக்குறைய ஒரு மாதம் நிற்கும். மெத்தோப்ரீன் சேர்ந்த வகை முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும். போடுவதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளிப்பாட்டக் கூடாது. மருந்து பலிக்கவில்லை என்று குறைப்படுகிறவர்களில் பலர் இதைத்தான் தவறவிட்டிருப்பார்கள், அல்லது முடியின் மேல் விட்டிருப்பார்கள்.

மாத்திரை வகையில் அஃபாக்ஸோலனர் ஒரு மாதம் நிற்கும், ஃப்ளூராலனர் பன்னிரண்டு வாரம். மருந்து இரத்தத்தில் இருப்பதால் நாய் மழையில் நனையலாம், குளத்தில் குதிக்கலாம். குழந்தைகள் உடனே கட்டிப்பிடித்தாலும் கையில் மருந்து ஒட்டாது. விலை கூடுதல், பெரிய நாய் என்றால் இன்னும் கூடுதல். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வகை மருந்துகளால் சில பிராணிகளுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. ஏற்கெனவே வலிப்பு வந்த நாய் என்றால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

என் முடிவு இதுதான்: அடிக்கடி நனையும் நாய்க்கும் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டு நாய்க்கும் மாத்திரை, வலிப்பு உள்ள நாய்க்குச் சொட்டு மருந்து, பூனைக்கும் சொட்டு மருந்துதான். பூனையின் வாயில் மாத்திரையைத் திணித்து, அது நுரையோடு துப்பி, பிறகு நாள் முழுவதும் நம்மைக் கண்டு ஒளிவதைக் காட்டிலும் பிடரியில் இரண்டு நொடி வேலை மேல். செலாமெக்டின் சொட்டு மருந்து காதுச் சிரங்குப் பூச்சியையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளும். முயல் வளர்ப்பவர்கள் ஃபிப்ரோனிலைத் தொடவே வேண்டாம். அது முயலைக் கொன்றுவிடும்.

எதைப் போடவே கூடாது

பெர்மெத்ரின். நாய்களுக்கான சில சொட்டு மருந்துகளிலும் பொடிகளிலும் இது இருக்கிறது. நாயின் உடல் இதைத் தாங்கும். பூனையின் கல்லீரலால் இதை உடைத்து வெளியேற்ற முடியாது. உடல் துடித்து, வலிப்பு வந்து இறந்துபோகும். நாய்க்குப் போட்டிருக்க, பூனை அதன் மேல் சாய்ந்து படுத்தாலே போதும். பக்கத்துத் தெருவில் ஒரு பூனை இப்படித் துடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாய் மருந்தில் பாதியைப் பூனைக்குப் பிரித்துப் போடும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

வீட்டு வைத்தியம் பற்றி என் அத்தையோடு எனக்கு நீண்ட வாக்குவாதமே நடந்தது. வேப்பிலை பரப்பலாம் என்றார், பரப்பினோம். வேம்பில் பூச்சி வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் இருப்பது உண்மை. ஆனால் காய்ந்த இலை பரவியிருக்கும் வீட்டில் கூட்டம் அழிந்துவிடாது. வேப்பெண்ணெயைப் பூனை மேல் தடவினால் அது நக்கி நோய்ப்படும். பூண்டு நாய்க்கும் பூனைக்கும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கற்பூரமும் எலுமிச்சைத் தோல் எண்ணெயும் பூனைக்கு நஞ்சு. “அந்தக் காலத்தில் நாயெல்லாம் நன்றாகத்தானே இருந்தது?” என்றார் அத்தை. அந்தக் காலத்து நாய் வாசலில் படுத்தது, அத்தை. நம் மெத்தையில் படுக்கவில்லை.

தரையில் எது?

இங்கே பலரும் நேராகப் பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிடுகிறார்கள். நான் வாக்குவம் கிளீனரைத்தான் முன்னே வைப்பேன். அமெரிக்காவின் ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனையில், அது உறிஞ்சிய வளர்ந்த தெள்ளுகளில் சராசரி 96 சதவீதம் செத்தன. புழுக்களும் கூட்டுப்புழுக்களும் முழுவதுமாகச் செத்தன. அதன் அதிர்வு கூட்டுக்குள் தூங்குவதை எழுப்பிவிடுவதும் நமக்கு லாபம். வெளியே வந்த தெள்ளைக் கொல்வது எளிது. கருவி இல்லாத வீட்டில் ஈர்க்குமாற்றால் மூலை முடுக்கு, கட்டிலடி, கதவு இடுக்கு எல்லாம் கூட்டி, அள்ளிய தூசியை உடனே வெளியேற்றி, சோப்பு நீரால் துடைக்கலாம். நம் ஊர்ச் சிமெண்டுத் தரைக்கும் ஓட்டுத் தரைக்கும் அதுவே பெரும்பாலும் போதும். பிராணி படுக்கும் துணியை வாரம் ஒரு முறை கொதிநீரில் துவைத்து உச்சி வெயிலில் போடுங்கள். வறட்சியையும் நேர் வெயிலையும் புழு தாங்காது. அதனால்தான் சித்திரையில் குறைந்து, மழைக்காலத்தில் பெருகுகிறது.

மருந்து அடித்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், வளர்ச்சித் தடுப்பு மருந்து கலந்ததா என்று கேட்டு அடியுங்கள். அந்த வகையில் பைரிப்ராக்ஸிஃபென் வெயிலிலும் நிற்கும். மெத்தோப்ரீன் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். அறை முழுக்கப் புகைவிடும் டப்பாவை நான் ஒதுக்கியே விட்டேன். புகை மேலே நிரம்பும். தெள்ளு இருக்கும் கட்டிலடிக்கும் சோபா அடிக்கும் அது சரியாகப் போவதில்லை. எது அடித்தாலும் தரை காயும்வரை பிராணிகளையும் குழந்தைகளையும் வெளியே வைத்து, மீன்தொட்டியை மூடி, அதன் காற்றுக் குழாயை நிறுத்திவிடுங்கள்.

உடலா, தரையா என்று கேட்டால் உடல்தான் முதலில். மருந்து போட்ட பிராணி வீட்டுக்குள் நடமாடும் பொறி ஆகிவிடுகிறது: கூட்டிலிருந்து எழும் ஒவ்வொரு தெள்ளும் அதன் மேல் ஏறிச் செத்துப்போகும், முட்டையிட நேரம் கிடைக்காது. ஆனால் ஒரு பூனையை விட்டுவிட்டால்கூடக் கணக்கு கெட்டுப்போகும். எல்லாப் பிராணிக்கும் ஒரே நாளில் தொடங்கி, மூன்று மாதம் இடைவிடாமல் போட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் திடீரென்று தெள்ளு கூடியதுபோல் தோன்றும். பழைய கூடுகள் திறக்கின்றன என்று பொருள், மருந்தை மாற்றாதீர்கள். தெள்ளை விழுங்கிய பிராணிக்கு நாடாப்புழு வந்திருக்கலாம். மலவாயில் அரிசிபோன்ற துண்டுகள் தெரிந்தால் குடற்புழு மருந்தும் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் கார்த்திகை முழுக்கத் தெள்ளு கிடைத்தது. தை பிறந்தபோது ஈரப் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. குட்டிக்கு எட்டு வாரம் நிரம்பிய நாளில் எடை போட்டுப் பார்த்து, மருத்துவர் கையாலேயே முதல் சொட்டு விட்டார். கொல்லைச் சுவரேறி வரும் தெருப்பூனை ஒன்று இருக்கிறது. அடுத்த சுற்றில் அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.