450 ராண்ட் ‘கலவைப் பெட்டி’: வாங்குமுன் ஸ்டிக்கருக்குக் கீழே பாருங்கள்

டர்பனில் ஆசிய நொறுக்குத்தீனி, பானங்கள் விற்கும் ஒரு கடையில் 450 ராண்டுக்கு ‘கலவைப் பெட்டி’ ஒன்று தருகிறார்கள். உள்ளே 20 பொருள். டேப் போட்டு ஒட்டியிருப்பதால் வீட்டுக்கு வந்துதான் திறக்க முடியும். போன வாரம் வாங்கிய ஒரு பெட்டியைப் பிரித்து, ஒவ்வொரு பாக்கெட்டிலும் இறக்குமதிக்காரர் ஒட்டிய வெள்ளை ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தோம். 7 பொருளுக்குத் தேதி முடிந்திருந்தது. அதில் நாலுக்கு, கம்பெனி அச்சடித்த தேதியின் மேலேயே ஸ்டிக்கர் உட்கார்ந்திருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், “சலுகைச் சாமான், ரிட்டர்ன் கிடையாது” என்று சுவரில் தொங்கும் பலகையைக் காட்டினார்கள். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. விற்காமல் தேங்கியதை நம் தலையில் கட்டும் இந்த வழி எந்தக் கடையிலும் நடக்கலாம் என்பதால், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் விரிவாக எழுதுகிறோம்.

முதலில் தேதி. சீனப் பாக்கெட்டில் பெரும்பாலும் காலாவதித் தேதியைப் போடுவதில்லை. தயாரித்த நாளை ஓரிடத்திலும், ‘இத்தனை மாதம் இருக்கும்’ என்பதை இன்னோர் இடத்திலும் போடுவார்கள். கூட்டிப் பார்ப்பது நம் வேலை. எங்கள் பெட்டியில் இருந்த பொரித்த பட்டாணிப் பாக்கெட்டின் பின்மடிப்பில் 20250310 என்று எட்டு இலக்கம் இருந்தது. அது தயாரித்த நாள், 2025 மார்ச் 10. ஆயுள் ஒன்பது மாதம் என்று பொடி எழுத்தில் கீழே. ஆக டிசம்பர் 10-ஓடு கதை முடிந்தது. ஆனால் ஸ்டிக்கரில் 2026 மார்ச் 10 என்று இருக்கிறது. மாதக் கணக்கைப் பார்க்காமல், எல்லாப் பொருளுக்கும் ஒரு வருஷம் கூட்டி அடித்துவிட்டார்கள். எண்ணெயில் பொரித்த தீனியில் இந்த மூன்று மாதம் சின்ன விஷயம் இல்லை.

தாய்லாந்துச் சாமான் இன்னொரு விதம். அங்கே பௌத்த ஆண்டுக் கணக்கு உண்டு. நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். 08/11/68 என்று இருந்தால் 2068 என்று மலைக்க வேண்டாம். கடைசி இரண்டு இலக்கத்தில் 43-ஐக் கழியுங்கள்: 2025 நவம்பர் 8. தைவான் பொருளில் 114 என்று தொடங்கும் தேதி இருந்தால் அதோடு 1911-ஐக் கூட்டுங்கள், 2025 வரும். ஜப்பான், கொரியாப் பொருள்களில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை. 25.11.08 என்பதை வலமிருந்து படித்தால் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் ஜப்பான் பொருளில் நாள் இல்லாமல் ஆண்டும் மாதமும் மட்டும் இருக்கலாம். அதைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம்.

கடையிலேயே சோதிப்பது எப்படி? ஸ்டிக்கரின் மேல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். கீழே இன்னொரு ஸ்டிக்கர் இருந்தால் விளிம்பு தட்டுப்படும். அழுத்தி அச்சிட்ட எண்ணாக இருந்தாலும் கைக்குத் தெரியும். கண்ணாடி போன்ற பாக்கெட்டாக இருந்தால் பின்பக்கம் போன் டார்ச்சைப் பிடியுங்கள், மறைந்த எழுத்து நிழலாகத் தெரியும். இங்க்ஜெட்டில் அடித்த தேதியை நகப்பூச்சு அழிக்கும் திரவத்தால் துடைத்துவிட முடியும். துடைத்த இடத்தில் பிளாஸ்டிக்கின் பளபளப்பு மாறி, மங்கலான கறை தங்கும். தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால் அந்தப் பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். இன்னும் நல்ல வழி, அந்தச் சாமான் வந்த அட்டைப்பெட்டியைக் காட்டச் சொல்வது. அட்டைப்பெட்டியின் பக்கவாட்டிலும் பெரும்பாலும் அதே தேதி இருக்கும். ஒளிக்க எதுவும் இல்லாத கடைக்காரர் காட்டிவிடுவார்.

வீட்டில் உரிப்பதற்கு ஹேர் டிரையரை 20, 30 விநாடி மிதமான சூட்டில் காட்டி, ஒரு மூலையிலிருந்து மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் அடியில் இருக்கும் அச்சும் சேர்ந்து வந்துவிடும், சாட்சியே போய்விடும். உரிக்குமுன் ஒரு படம், உரித்தபின் ஒரு படம் கட்டாயம்.

தேதியைவிட எங்களுக்கு அதிகக் கோபம் வந்தது பொருள் பட்டியலைப் பார்த்தபோது. ஒரு கொரிய நூடுல்ஸின் ஸ்டிக்கரில் “கோதுமை, எண்ணெய், உப்பு, சுவையூட்டி” என்று நாலே சொல். கீழே இருந்த கொரிய எழுத்தைப் போன் கேமராவில் மொழிபெயர்த்தால் மாட்டிறைச்சிச் சாறு, இறால், சோயா என்று நீள்கிறது. புரட்டாசி முழுக்கக் கவிச்சி தொடாத குடும்பங்கள், காவடிக்கு விரதம் இருப்பவர்கள், மாட்டிறைச்சியே வீட்டுக்குள் வராதவர்கள் எத்தனை பேர் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் இருக்கிறோம்! ‘காய்கறிச் சுவை’ என்று படம் போட்டிருப்பதை நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறோம். படம் எதற்கும் உத்தரவாதம் இல்லை. இந்தியப் பொருளில் உள்ள பச்சைப் புள்ளி மற்ற நாட்டுப் பொருளில் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

கொரியப் பாக்கெட்டில் ஒவ்வாமைப் பொருள்களைத் தனி நிறக் கட்டத்தில் போடுவார்கள், பட்டியலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கேமராவை முதலில் அங்கே பிடியுங்கள். ஜப்பான் பாக்கெட்டில் பெரும்பாலும் பட்டியலின் முடிவில் அடைப்புக்குறிக்குள் இருக்கும். பளபளக்கும் பையைக் கசங்கலோடு படம் பிடித்தால் மொழிபெயர்ப்பு உளறும். மேசையில் இழுத்து நீவி, நிழலில் வைத்து எடுங்கள். பட்டியலில் 631 என்ற சேர்க்கைப்பொருள் எண் இருந்தால் அது இறைச்சி, மீனிலிருந்தும் எடுத்ததாக இருக்கலாம், 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். ஜெலட்டின் என்றால் விலங்குதான், கடல்பாசியிலிருந்து வரும் அகர் வேறு.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் 2010-இல் வந்த ஆர்146 என்ற லேபிள் விதிப்படி முட்டை, பால், மீன், இறால் நண்டு சிப்பி வகை, நிலக்கடலை, மரக்கொட்டைகள், சோயா, கோதுமை போன்ற தானியங்கள் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். எள் அந்தப் பட்டியலில் இல்லை. எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஸ்டிக்கரை மட்டும் நம்பி ஜப்பான் அரிசி பிஸ்கட்டையோ கடல்பாசித் தாளையோ சாப்பிடக் கூடாது.

எண்ணெயில் பொரித்தது கெட்டுப்போனால் நாக்கும் மூக்கும் சொல்லிவிடும். எண்ணெய்த் தீனி வெயிலிலும் சூட்டிலும் கிடந்தால் சிக்கு வாடை அடிக்கும், விழுங்கினால் தொண்டை காறும். கப்பலில் வாரக்கணக்கில் வந்து, டர்பனின் புழுக்கத்தில் ஒரு கோடை முழுக்க அடைந்து கிடந்த சாமானில் இது சகஜம். நமத்துப்போனது வேறு, அதை வாணலியில் வறுத்து மீட்கலாம். சிக்கு பிடித்ததை எதுவும் செய்ய முடியாது, எறிந்துவிட வேண்டியதுதான்.

பை உப்பியிருப்பதைப் பற்றி நிறையக் குழப்பம். கடல் மட்டத்தில் அடைத்த சிப்ஸ் பாக்கெட்டை ஜொஹானஸ்பர்க்குக்குக் கொண்டுபோனால் அது பலூன் மாதிரி உப்பும். அந்த ஊர் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு, அவ்வளவுதான். அங்குள்ள சீனக் கடைத்தெருவான சிரில்டீனில் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் டின்னில் அடைத்த தேங்காய்ப் பானமோ, ஈரப்பதமுள்ள டோஃபு, ஊறுகாய்ப் பையோ உப்பியிருந்தால் உள்ளே கிருமி வாயு உண்டாக்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். திறந்து முகர்ந்துகூடப் பார்க்காதீர்கள். டின்னின் தையல் ஓரத்தில் நசுங்கல் இருந்தாலும் வேண்டாம்.

பெட்டியில் இருந்த இரண்டு பொருளைப் பற்றி அம்மாமார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, கொஞ்சாக் என்ற கிழங்கு மாவு சேர்த்த குட்டிக் கிண்ண ஜெல்லி. அது வாயில் கரையாது. உறிஞ்சி இழுக்கும்போது அப்படியே மூச்சுக்குழாயை அடைக்கும். குழந்தைகள் இறந்ததால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் ஜெல்லி மிட்டாய்களில் கொஞ்சாக் சேர்ப்பதைத் தடை செய்தது. சின்னக் குழந்தைகளுக்குக் கத்தியால் நறுக்கிக்கூடக் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, கடல்பாசிப் பாக்கெட்டுக்குள் இருக்கும் சின்னப் பொட்டலம். அதில் சுட்ட சுண்ணாம்பு இருக்கலாம். சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும், கையையும் கண்ணையும் சுடும். ஈரக் குப்பையில் போடாதீர்கள்.

கடைக்குள் நுழைந்ததும் இன்னொன்றையும் கவனியுங்கள். எலி மருந்தும் பூச்சி மருந்தும் தீனி அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். 2024 அக்டோபரில் சொவெட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகள் இறந்ததற்கு டெர்புஃபோஸ் என்ற பூச்சிக்கொல்லிதான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது.

பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு வருவோம். ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி தாண்டிய பொருளை விற்றதே குற்றம் என்று கடையில் வாதாடாதீர்கள், அந்த வாதம் நிற்காது; அது தரத்துக்கான தேதி. ‘யூஸ் பை’ தாண்டியதை விற்கக் கூடாது. எதுவாக இருந்தாலும் தேதியை மாற்றவோ அழிக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-இன் 68-ஆம் எண், 56-ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பணமா, மாற்றுப் பொருளா என்பது நம் விருப்பம். சுவரில் ‘ரிட்டர்ன் இல்லை’ என்று எழுதினால் இந்த உரிமை போய்விடாது. ஆனால் “இது தேதி முடிந்தது, அதனால்தான் விலை குறைவு” என்று தெளிவாகச் சொல்லி விற்று, நாமும் சம்மதித்து வாங்கியிருந்தால் கேட்பது கஷ்டம். ஆகவே டில் ஸ்லிப்பைப் பத்திரப்படுத்துங்கள். அது வெயிலில் மங்கிவிடும், அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். கடை மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் போதும். பிறகு நகராட்சியின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரியிடம் ஸ்டிக்கர் ஒட்டிய, பிரிக்காத பாக்கெட் ஒன்றையாவது கொடுங்கள். தேசிய நுகர்வோர் ஆணையத்துக்கும் நுகர்பொருள் குறைதீர்ப்பாளருக்கும் அந்தப் படங்களோடு எழுதலாம். எங்கள் பெட்டியில் பிரிக்காமல் வைத்த மூன்று பாக்கெட் இப்போது அந்த அதிகாரியிடம் இருக்கின்றன.