21-ம் 28-ம் ஒன்றல்ல: கருத்தடை மாத்திரையோடு சில வருடங்கள்

மாத்திரையில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. என் சண்டை முழுக்க அட்டையோடுதான்.

வழக்கமாக வாங்கும் மருந்துக்கடையில் இந்த முறை நான் போடும் 28 மாத்திரை அட்டையான மாலா-டி இல்லை என்றார்கள். "அது இப்ப வர்றதில்லைங்க்கா, இத எடுத்துக்குங்க, ரெண்டும் ஒரே மருந்துதானுங்க" என்று கடைப் பையன் 21 மாத்திரை உள்ள வேறொரு அட்டையை நீட்டினான். அவன் சொன்னது பொய் இல்லை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 0.15 மில்லிகிராம், எத்தினைல் எஸ்ட்ராடையால் 0.03 மில்லிகிராம் என்ற இரண்டு ஹார்மோன்கள், இரண்டு அட்டையிலும் அதேதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என்னிலும் அதே மருந்து, அதே அளவு. ஆனாலும் எனக்கு 21 வேண்டாம், 28-தான் வேண்டும். ஏன் என்று கடையில் நின்று விளக்க முடியவில்லை. பின்னால் ஆள் நிற்கிறது, பையன் அதற்குள் அட்டையைச் செய்தித்தாளில் சுற்றியும்விட்டான். ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி.

21 அட்டை என்றால் மூன்று வாரம் தினமும் ஒன்று, அப்புறம் ஏழு நாள் ஒன்றும் கிடையாது. அந்த நாட்களில் தீட்டு வரும். எட்டாம் நாள் புது அட்டையைப் பிரிக்க வேண்டும். 28 அட்டையில் அந்த ஏழு நாளுக்கும் ஏழு மாத்திரை இருக்கும், நிறம் மட்டும் வேறு. ஹார்மோன் இல்லாத வெறும் இரும்புச்சத்து. மருந்தாகப் பார்த்தால் அது இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. பழக்கமாகப் பார்த்தால் அதுதான் உயிர்நாடி. தினமும் ஒன்று, ஒரு அட்டை முடிந்தால் மறுநாளே அடுத்தது. எண்ண வேண்டியதே இல்லை. 21-ல் ஏழு நாள் கையை நிறுத்திவிட்டு, எட்டாம் நாள் நாமாக நினைவு வைத்துத் திரும்பத் தொடங்க வேண்டும். வீட்டு வேலை, ஆபீஸ் வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல், இதற்கு நடுவில் எட்டாம் நாள் எது என்று யார் கணக்கு வைப்பது? முதன்முதலில் எனக்கு எழுதிக்கொடுத்தது 21 அட்டைதான். ஒவ்வொரு மாதமும் அந்த வாரம் முழுக்க காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இதில் எரிச்சல் என்னவென்றால், மறக்கவே கூடாத மாத்திரையும் அந்த எட்டாம் நாள் மாத்திரைதான். அட்டையின் நடுவில் ஒன்று விட்டுப்போனால் அவ்வளவு ஆபத்தில்லை, உடம்பில் ஏற்கெனவே மருந்து இருக்கிறது. ஆனால் மருந்தில்லாத ஏழு நாளில் சினைப்பை மெல்ல விழிக்கத் தொடங்கிவிடும், முட்டை வளர ஆரம்பிக்கும். புது அட்டை அதை மறுபடி தூங்கவைக்கும். ஏழு நாள் என்பது எட்டு, ஒன்பது, பத்து என்று நீண்டால் முட்டை வெளியே வர வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். ஆகவே, விட்டுப்போக அதிக வாய்ப்புள்ள இடத்திலேயே விட்டால் அதிக ஆபத்தும் இருக்கிறது. இப்படி ஓர் அட்டையை யார் யோசித்து வடிவமைத்தார்களோ!

யோசித்தவர்கள் 1950-களில் அமெரிக்காவில் இருந்தார்கள். 1960-ல் அங்கே முதல் கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. மாதாமாதம் தீட்டு வந்தால்தான் பெண்களுக்கு இயல்பாகத் தோன்றும் என்று நடுவில் இடைவெளி விட்டார்கள். மருந்தை நிறுத்துவதால் வரும் ரத்தம் அது, உண்மையான மாதவிலக்கே இல்லை. அந்த ஏழு நாள் இடைவெளியால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை என்று பிரிட்டனின் பாலியல், இனப்பெருக்க நல மருத்துவர்கள் அமைப்பு 2019-லேயே வழிகாட்டுதலில் சொல்லிவிட்டது. இங்கே கடையில் "ரெண்டும் ஒண்ணுதாங்க்கா" என்பதோடு நிற்கிறோம்.

விட்டுப்போனால் என்ன செய்வது என்று டாக்டரம்மா எனக்குச் சொன்ன கணக்கு எளிது. ஒன்று விட்டால் நினைவு வந்த உடனே போடு, அன்றைய மாத்திரையை அதன் நேரத்தில் போடு, ஒரே நாளில் இரண்டானாலும் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டோ அதற்கு மேலோ விட்டால், கடைசியாக விட்டதை மட்டும் போட்டுத் தொடர வேண்டும், கூடவே ஏழு நாள் ஆணுறை. விட்டது மூன்றாவது வாரம் என்றால் இடைவெளியே விடாமல் அடுத்த அட்டைக்குப் போய்விட வேண்டும். முதல் வாரம் என்றால், உடலுறவு நடந்ததைப் பொறுத்து அவசரக் கருத்தடை மாத்திரை. இங்கேதான் மறுபடி தலைவலி. அவசர மாத்திரை 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல், 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம் போட வேண்டும். அதைச் சீட்டு இல்லாமலே விற்கலாம். ஆனால் தமிழ்நாட்டு மருந்துக்கடைகளில் பெரும்பாலும் வைப்பதே இல்லை. கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். வேறு மாநிலத்தில் 21 அட்டை ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். இங்கே அதை நம்பித் தடுமாறினால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

ஆரம்பித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பால் கொடுக்கும் பெண்கள் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை இந்த வகை மாத்திரையைத் தொடக்கூடாது என்பதால் காத்திருந்தேன். டாக்டரம்மா ரத்த அழுத்தம் பார்த்தார், புகைப்பழக்கம், ஒற்றைத் தலைவலி, ரத்தக்கட்டி வந்த சரித்திரம் எல்லாம் கேட்டார். என் நாத்தனாருக்கு ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் வெட்டும். அவருக்கு இதே டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார், பக்கவாத ஆபத்து. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களும், வலிப்புக்குச் சில மருந்துகள் எடுப்பவர்களும் சொல்லியே ஆக வேண்டும், அவை இந்த மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும். தீட்டு வந்த முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. தாமதமாகத் தொடங்கினால் முதல் ஏழு நாள் ஆணுறை சேர்த்து.

முதல் சில மாதம் குமட்டல், இடையிடையே துளித்துளியாகப் படுதல். "கர்ப்பப்பை கெட்டுடும்", "உடம்பு ஊதிடும்" என்று பயமுறுத்த ஆள் குறைவில்லை. குமட்டல் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட ஆரம்பித்ததும் போய்விட்டது. துளிப்பது மூன்றாவது அட்டையோடு நின்றது. உடம்பு ஊதவில்லை. ஊதியிருந்தாலும் பழியைப் பிள்ளை மிச்சம் வைக்கும் சோற்றின் மேல்தான் போட்டிருப்பேன்.

தினமும் போடுவதற்கு அலாரம் எனக்கு ஒத்துவரவில்லை. அடித்ததும் அணைப்பேன், கை வேலையை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்பேன், அவ்வளவுதான். மாமியாரின் ஒன்பது மணி சீரியல்தான் கைகொடுத்தது. பாட்டு ஆரம்பித்தால் மாத்திரை. சீரியல் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வீட்டுக்காரர் பொறுப்பு. இந்த ஏற்பாட்டில் ஒரே சிக்கல், மாமியார் கண் முன்னால் நடப்பது. "தினமும் என்ன மாத்திரம்மா?" என்று ஒருநாள் கேட்டார். "சத்து மாத்திரைங்க அத்தை" என்றேன். 28-ல் ஏழு நாள் அது சத்தியமான வார்த்தை! இரும்புச்சத்து சாப்பிடுகிற வாரத்தில் மலம் கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இலவச மாலா-என் வாங்காததற்கும் மாமியார்தான் காரணம். எங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியர் அருமையான அக்கா, ஆனால் மாமியாருக்கு உயிர்த்தோழி.

எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. என் தீட்டு எந்தக் கிழமை வரும் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் மாதத்தில் இரண்டு நாள் சுருண்டு படுத்திருந்தவள் நான். இப்போது வலி பாதிகூட இல்லை, போக்கும் குறைவு. தள்ளிப்போட வேண்டுமானால் நிற மாத்திரைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் வெள்ளை மாத்திரைக்கு நேராகப் போய்விடலாம். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தேன். எங்கள் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்தின்போது பெரியம்மா வீட்டில் ஆளாளுக்கு தீட்டைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரையான நோரெதிஸ்டிரோன் வாங்கி விழுங்கிவிட்டு வயிறு உப்பி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் டாக்டரைக் கேட்கவில்லை, கடைக்காரரும் சீட்டுக் கேட்கவில்லை. கோயிலுக்குத் தள்ளிப்போட ஹார்மோன் கேட்டால் கடையில் மரியாதையாகக் கொடுக்கிறார்கள். பிள்ளை வேண்டாம் என்று கேட்டால் செய்தித்தாளில் சுற்றுகிறார்கள்.

சரி, தீர்ப்பு. தவறாமல் போட்டால் வருடத்துக்கு 1000 பேரில் 3 பேருக்குத்தான் கரு தரிக்கும் என்கிறது கணக்கு. நடைமுறையில் மனுஷிகள் போடுகிற மாதிரி போட்டால் 100 பேரில் 7 பேருக்கு. நடுவில் இருக்கும் அந்தப் பெரிய பள்ளத்தில் பாதியை 28 அட்டையே மூடிவிடும் என்பது என் எண்ணம். மருந்துக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். என் உடம்புக்கு இவ்வளவு ஒத்துப்போன வேறெதுவும் இல்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, காப்பர்-டி போட்டுக்கொள்ள டாக்டரம்மாவிடம் நாள் கேட்டிருக்கிறேன். அதில் 380-ஏ என்ற வகை என்றால் பத்து வருடம், எட்டாம் நாள் கிடையாது, சீரியல் கிடையாது, கடைப் பையன் கிடையாது. அதில் போக்கு அதிகமாகும், வலியும் கூடலாம் என்று அவரே சொன்னார். இத்தனை வருடம் கிடைத்த நிம்மதியை இழந்துவிட்டு மறுபடி சுருண்டு படுப்பேனோ என்று பயமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கடை வாசலில் இன்னொரு முறை நிற்க இப்போதைக்கு மனசில்லை. வீட்டுக்காரர் கோயம்புத்தூர் போகும்போது 28 அட்டை நாலைந்து வாங்கி வருகிறேன் என்கிறார். வாங்கி வந்தால் டாக்டரம்மாவிடம் நாளைத் தள்ளிக் கேட்பேன்.