பெல்ட்டைப் பற்றி மட்டும் நாலு வார்த்தை

போன வாரம்தான் என் காரின் சூப்பர்சார்ஜரில், அதாவது எஞ்சின் பெல்ட்டால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவியில், முன்பக்க பேரிங்கை மாற்றி முடித்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் நண்பனிடமிருந்து ஒரு செய்தி: "மச்சான், என் வண்டிக்கும் இந்த மாதிரி ஒண்ணு போடலாமா? வீட்டிலேயே வச்சு போட முடியுமா?" அவனுக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. திட்டியதையெல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

வண்டி முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. இந்த மாடல் 1989இல் வந்தபோது 1.6 லிட்டர் எஞ்சினில் சுமார் 115 குதிரைத்திறன். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் சூப்பர்சார்ஜர் ஈட்டன் எம்45, அதாவது 2000களின் மினி கூப்பர் எஸ் காரில் வந்த அதே ரூட்ஸ் வகை: இரண்டு ரோட்டர்கள் ஒன்றோடொன்று சுழன்று காற்றைத் தள்ளும். பிராக்கெட், புல்லி, மேனிஃபோல்ட் எல்லாம் ஒரு கிட்டாக வந்தவை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் பெரியதாக, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு தனியாக, இரண்டும் நான் சேர்த்தது. இரண்டு நாள் வேலை என்று கையேட்டில் போட்டிருந்தது. எனக்கு ஐந்து வார இறுதிகள் ஆயின. அதில் ஒன்றரை வார இறுதி, கழற்றிய வெற்றிடக் குழாய்களில் எது எங்கே போக வேண்டும் என்று தேடியதிலேயே போனது. கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதியிருந்தால் மிச்சமாகியிருக்கும் நேரம்.

இப்போது நாலு வருஷம், 30,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். எஞ்சினுக்குள் ஒரு குறையும் வரவில்லை. பூஸ்டை, அதாவது திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தத்தை, 6 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்ற ஆசைப்படாததும், பூஸ்டில் இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து, பொறி சற்றுத் தாமதமாக விழும்படி வைத்ததும் காரணமாக இருக்கலாம். திணிக்கும் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் இல்லை. வெயில் நேரத்தில் இரண்டாவது முறை முழுக்க மிதித்தால் முதல் முறை இருந்த வேகம் இருக்காது. அது தெரிந்தே போட்டதுதான்.

பிரச்சினை எல்லாம் பெல்ட்டில்.

கணக்கு எளிது. 1.6 லிட்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இழுக்கும் காற்று ஏறக்குறைய 0.8 லிட்டர். எம்45 தன் ஒரு சுற்றில் தள்ளுவது 45 கன அங்குலம், சுமார் 0.74 லிட்டர். என் புல்லி விகிதம் 1.7. எஞ்சின் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இது ஒன்றே கால் லிட்டர் காற்றை உள்ளே திணிக்கப் பார்க்கிறது. ரோட்டர் இடுக்குகள் வழியாகத் திரும்பிக் கசிவது போக மீதிதான் பூஸ்ட். இதைச் சுழற்றத் தேவையான சக்தி முழுவதும் அந்த ரப்பர் பட்டை வழியாகத்தான் போயாக வேண்டும். சூப்பர்சார்ஜரின் புல்லியோ சின்னது, அதைப் பெல்ட் தழுவியிருக்கும் பரப்பு இன்னும் சின்னது. வழுக்காமல் என்ன செய்யும்?

வழுக்கியது. முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு 5000 ஆர்பிஎம்மைத் தாண்டினால் ஒரு கீச்சல், சிலேட்டில் நகத்தை இழுத்தது போல. மீட்டரில் 6 காட்ட வேண்டிய இடத்தில் 4. பானட்டைத் திறந்தால் உட்புறமெல்லாம் கருப்புத் தூள். பெல்ட்டை இறுக்கினேன். ஒரு மாதம் சரியாக இருந்தது, மறுபடி கீச்சல். மறுபடி இறுக்கினேன். பிடிமானத்துக்கென்று விற்கும் ஸ்ப்ரேயை அடித்தேன். அது ஒரு வாரம் ஒட்டியது, அப்புறம் தெருத்தூசியை எல்லாம் சேர்த்துக்கொண்டு முன்பைவிட மோசமாகக் கத்தியது. தயவுசெய்து யாரும் அதை அடிக்காதீர்கள். கடைசியாக, தழுவும் பரப்பைக் கூட்ட, பெல்ட்டை வளைத்துவிட மட்டும் பயன்படும் ஐட்லர் புல்லி இன்னொன்று வைத்தேன். கீச்சல் 5000த்திலிருந்து 6000க்குத் தள்ளிப்போனது. பாதி சரியாகிவிட்டதால் நோயைக் கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன்.

போன மாதம் ஐட்லிங்கிலேயே ஒரு கரகரப்பு. பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியைக் கையால் சுற்றினால் உள்ளே மணல் போட்டது மாதிரி. நான் இறுக்கிய இறுக்கு எல்லாம் அந்த பேரிங் தலையில்தான் இறங்கியிருக்கிறது. சரி என்று பிராக்கெட்டோடு முழுவதையும் இறக்கினேன். அப்போதுதான் பார்த்தேன்: பிராக்கெட் எஞ்சினோடு ஒட்டும் முகத்தில் பவுடர் கோட்டிங் நசுங்கி, உரிந்து, ஒரு பக்கம் வெறும் இரும்பு பளபளத்தது. அந்தக் கனமான பெயின்ட் மேலேயேதான் போல்ட்டை இறுக்கியிருக்கிறேன். சூட்டிலும் அழுத்தத்திலும் பெயின்ட் அமுங்க, போல்ட்டின் இறுக்கம் குறைய, பிராக்கெட் மெல்லச் சாய்ந்திருக்கிறது. கழற்றுவதற்கு முன் எடுத்திருந்த படத்தைத் தேடிப் பார்த்தேன். புல்லிகளின் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை வைத்து எடுத்த படம். ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி அப்பட்டமாகத் தெரிந்தது. பெல்ட் இத்தனை நாளும் கோணலாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஒட்டும் முகங்களைச் சுரண்டி வெறும் உலோகமாக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி, புது பேரிங், புது பெல்ட். 7000 வரை மிதித்துப் பார்த்தேன். 6 பிஎஸ்ஐ, ஆடாமல் அசையாமல்.

கிட் செய்தவர்கள் மேல் அன்று வந்த கோபத்துக்கு அளவில்லை. பிடிமானம் வேண்டிய இடத்தில் எவனாவது பெயின்ட் அடிப்பானா? மறுநாள் கையேட்டை எடுத்துப் புரட்டினேன். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு வரி: 500 கிலோமீட்டர் ஓடியதும் பிராக்கெட் போல்ட்டுகளை மீண்டும் இறுக்கவும். நான் இறுக்கவில்லை. ஆக, தவறு பாதிப் பாதி. பெயின்ட் அடித்தது அவர்கள் தவறு என்பதில் மட்டும் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். இந்தச் சின்ன எஞ்சின் முன்பு 5000த்தைத் தாண்டினால்தான் கண் விழிக்கும். இப்போது 2500இலேயே மூன்றாவது கியரில் மேட்டுச் சாலையில் காலை வைத்தால் போதும், வண்டி அந்தக் கணமே கிளம்புகிறது. காத்திருப்பே கிடையாது. நிதானமாக ஓட்டும்போது பைபாஸ் வால்வு திறந்து காற்றைச் சுற்றிவிட்டுவிடுவதால் பெட்ரோல் செலவில் பெரிய மாற்றம் தெரியவில்லை. அந்த ஊளைச் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்கவென்றே சுரங்கப்பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

நண்பனுக்கு என்ன சொன்னேன்? டர்போ போடு என்றேன். அதைச் சுழற்றுவது எஞ்சினின் புகைக் காற்று, அதில் பெல்ட் இல்லை. அவன் வண்டியும் எம்எக்ஸ்-5தான், 1990இல் வந்தது. கிராங்க் ஷாஃப்டின் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முன்முனை, குட்டையாக இருக்கும் ஆரம்பகால எஞ்சின். புல்லி தளர்ந்து, அதை நழுவாமல் பிடிக்கும் சாவிப்பள்ளம் தேய்வதற்கு ஏற்கெனவே பேர்போனது. அதன் மேல் இன்னொரு பெல்ட்டின் இழுவையையும் ஏற்றுவது வேண்டாத வேலை.

"அப்போ உன்னுதைக் கழட்டிடப் போறியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சாவி கேட்டான். புது பெல்ட் போட்டு இன்னும் 300 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, 500 ஆகி போல்ட்டை இறுக்கிய பிறகு வா என்று சொல்லியிருக்கிறேன்.